உதயகுமார் வீட்டுக் குடைப்பவளம்

நான் உள்ளே நுழைந்தால் உதயகுமார் அண்ணன் எழுந்து போய்த் மீன் தொட்டியின் மேல் பழைய வேட்டி ஒன்றை இழுத்து விடுவார். என் கண் கொள்ளிக்கண் என்று அவருக்கு ஒரு தீர்மானம். பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர், இத்தனை வருஷப் பழக்கம். அவர் மனைவி பெரியநாயகி அண்ணிக்கும் எனக்கும் நடுவில் குழம்புக் கிண்ணம் போய் வராத நாள் கிடையாது. இருந்தும் அந்த வேட்டி இறங்கும். "ஏண்ணே, தொட்டி இன்னா வயசுக்கு வந்த பொண்ணா? எதுக்கு மூடறீங்க?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "வெளிச்சம் ஜாஸ்தியா இருக்குது கலைமா" என்றார். அப்போது கரண்டே இல்லை.

அண்ணன் ஒரு சந்தேகப் பிராணி. இதை நான் முதுகுக்குப் பின்னால் பேசவில்லை, முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். தக்காளி வாங்கப் போனால் தராசுத் தட்டின் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பார். ஊசி போட்ட டாக்டரிடம் காலி மருந்து பாட்டிலைக் கேட்டு வாங்கி, தேதியைப் படித்த பிறகுதான் சட்டைக் கையை இறக்குவார். கல்யாணப் பத்திரிகை வந்தால், தன்னுடையதில் மட்டும் மஞ்சள் குறைவாகத் தடவியிருக்கிறார்களா என்று பக்கத்து வீட்டுப் பத்திரிகையோடு வைத்துப் பார்ப்பார். அந்தப் பக்கத்து வீடு என் வீடு.

ஆனால் தறியில் உட்கார்ந்தால் அதே குணம்தான் அவருக்குச் சோறு போட்டது. பாவு நூலில் ஓர் இழை தொய்ந்தாலும் கை நின்றுவிடும். பட்டுச் சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது என் பிழைப்பு. பிள்ளையார்பாளையத்தில் பாதிச் சேலை என் விரல் வழியாகத்தான் கடைக்குப் போகிறது. அவர் நெய்ததை விரித்தால் நான் குறை தேடியே களைத்துப் போவேன். அதற்காகவே அவர் பண்ணுகிற மற்ற அழும்பையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

தொட்டி வந்த கதை வேறு. அண்ணியோடு ராமேசுவரம் போனவர், அடியில் கண்ணாடி போட்ட படகில் ஏறிப் பவளப்பாறையைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்ததும் கோயிலைப் பற்றிக் கேட்டேன். "கூட்டம்" என்றார், அவ்வளவுதான். படகைப் பற்றிக் கேட்டதும் அரை மணி பேசினார். "அது கல்லு இல்ல கலைமா, உசுரு. பூச்சிங்க. கணக்கே இல்லாம ஒன்னா குந்திக்கினு வூடு கட்டிக்கினு இருக்குதுங்க. அந்தக் கலர் இருக்குதே, எந்தச் சாயப்பட்டறையிலயும் ஏறாது" என்றார். அவர் வாயால் ஒன்றைப் பாராட்டி நான் கேட்டது அன்றுதான்.

அந்தக் கிறுக்குக்கு ஏற்ற துணையாக வந்து சேர்ந்தவர் யேசுதாஸ். ஏசி மெக்கானிக். அண்ணன் வயதுதான். ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கு வந்தவர், மூலையில் இருந்த சாதாரண மீன் தொட்டியைப் பார்த்துவிட்டு, தன் வீட்டில் கடல் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்குப் பிடித்த சிநேகம். கடற்கரை ஓட்டல்களுக்கு ஏசி வேலைக்குப் போகும்போதெல்லாம் திரும்பி வரும் வண்டியில் கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டுவருவார். தண்ணீர் சூடாகாமல் இருக்கப் பழைய கூலரைப் பிரித்து அவரே ஒரு சில்லர் செய்து மாட்டினார். நேராகத் தறியைத் தாண்டிப் பின்னறைக்குப் போய் முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு நிற்பார். அண்ணி கொடுக்கும் காபி அங்கேயே ஆறும். உதயா, தாஸு என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

யேசுதாஸின் வீடு ஏனாத்தூர் பக்கம். வா வா என்று அவர் எத்தனையோ தடவை கூப்பிட்டும் அண்ணன் ஒருதரமும் போனதில்லை. தறி வேலை என்பார். அது என்ன ஒழியாத தறி வேலை என்று எனக்குத் தெரியும். யேசுதாஸுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவர் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

கல்லாக இறுகி வளரும் பவளத்தை வீட்டில் வைக்கச் சட்டம் விடாது. இவர்கள் வைத்திருந்தது தோல்போல மெத்தென்று இருக்கும் வகை. இதை யேசுதாஸ் பலமுறை விளக்கியும் தெருவில் காக்கிச் சட்டை எது போனாலும் வேட்டி இறங்கும். கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கும் அதே மரியாதைதான்.

முதலில் யேசுதாஸ் கொடுத்தது சுண்டுவிரல் நகம் அளவு ஒரு துண்டு. அது வருஷக்கணக்கில் வளர்ந்து சாப்பாட்டுத் தட்டு அகலம் ஆயிற்று. தடித்த காம்பு, அதன் மேல் விரிந்த தலை, தலை முழுக்கச் சின்னச் சின்ன விரல்கள் அசையும். சாமி புறப்பாட்டுக்குப் பிடிக்கும் குடை மாதிரி இருக்கிறது என்று அண்ணி சொல்லப்போய், அதன் பெயரே குடை ஆகிவிட்டது. காலையில் விளக்கைப் போட்டதும் அது விரிவதைப் பார்த்த பிறகுதான் அண்ணன் தறியில் இறங்குவார். பிள்ளை இல்லாத வீடு. இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வருஷம் யேசுதாஸ் குடையிலிருந்து ஒரு துண்டு கேட்டார். "வெட்டினா சாவாது உதயா. ரெண்டு எடத்துல இருந்தா ஒன்னுக்கு ஆபத்துன்னா இன்னொன்னு இருக்கும்" என்றார். அண்ணன் கொடுத்தார். ஆனால் அன்று சாயங்காலமே சுவருக்கு இந்தப் பக்கம் வந்து, "எதுக்குக் கேட்டான்னு நெனைக்கிறே?" என்று என்னிடம் கேட்டார். அவர்தானே முதலில் உங்களுக்குக் கொடுத்தது என்றேன். அந்தப் பதிலில் அவருக்குத் திருப்தியில்லை.

இந்த வருஷம் ஆடி பிறந்த சமயத்தில் குடை விரியவில்லை. தலையைச் சுருக்கிக்கொண்டு, விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு, மழமழவென்று நின்றது. அண்ணன் யேசுதாஸுக்குப் போன் போட்டு வரவழைத்தார். அவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தோலு உரிக்குதுப்பா. மேல மெழுகு மாதிரி ஏடு கட்டிக்கினு இருக்குது பாரு. அது கழண்டுச்சின்னா முன்னவிடப் பெருசா விரியும். சும்மா வுடு."

"முன்னெல்லாம் ரெண்டு மூணு நாள்ல விரிஞ்சிடும். இப்ப ஒரு வாரம் ஆவுதே."

"வளந்துடுச்சில்ல. பெரிய சட்டையக் கழட்ட நேரம் ஆவும்" என்றார் யேசுதாஸ். உப்பளவு, சூடு எல்லாம் பார்த்து, ஒன்றும் குறையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அண்ணனுக்கு விடத் தெரியாது. ஒன்று வாடினால் வாடவைத்தவர் யாராவது இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

முதல் ஆள் நான். என் வீட்டுக் கொசுவத்திப் புகை சுவர் தாண்டி வருகிறதாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாதே என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வாரம் வியாழக்கிழமையும் சேர்த்துப் போட்டேன். அடுத்து, தெருக்கோடிச் சாயப்பட்டறையில் அடுப்பு எரியும் நேரத்தில் ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டினார். பிறகு வாட்டர் கேன் போடுகிறவரிடம் இது எந்த ஊர்த் தண்ணீர் என்று விசாரணை. போனில் மீன் வளர்ப்பவர்கள் குழு ஒன்று இருக்கிறது, அதில் படம் போட்டுக் கேளுங்களேன் என்றேன். "போட்டா பாக்குறவன் கண்ணெல்லாம் படும்" என்றார்.

மீனுக்குத் தீனி போடுவது அண்ணியின் வேலை. தொட்டி வந்த நாளிலிருந்து அவர்தான் போடுகிறார். ஒருநாள் நான் அங்கே இருக்கும்போதே அண்ணன் அவர் கையைப் பிடித்து மோந்து பார்த்தார். சோப்பு வாசனை அடிக்கிறதா என்று பார்த்தாராம். அண்ணி கையை விடுவித்துக்கொண்டு, தீனியைப் போட்டுவிட்டு உள்ளே போனார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அதற்குள் தறி கெட்டது. கல்யாணச் சேலை ஒன்று பாதியில் நின்றது. நின்றால்கூடப் பரவாயில்லை. ஒருநாள் நான் எட்டிப் பார்த்தபோது, கரையும் உடலும் கோர்க்கும் இடத்தில் கோர்வை பிசகியிருந்தது. எனக்கே கண்ணில் பட்ட பிசகு அவருக்குத் தெரியவில்லை. பின்னறையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நெய்துகொண்டிருந்தார். அண்ணி என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய் அழுதார்.

"ராத்திரி தூக்கமில்ல, சோறு எறங்கல. யாரோ கண்ணு வெச்சிட்டாங்க, யாரோ கண்ணு வெச்சிட்டாங்கன்னு இதே பேச்சு கலை. தொட்டிக்கு நோவுன்றாரு. நோவு தொட்டிக்கா?"

அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணி பையில் எலுமிச்சம்பழமும் வெற்றிலை பாக்கும் வைத்துக்கொண்டு கிளம்பினார். கோயிலுக்கா என்றேன். தலையை ஆட்டினார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

அந்த வாரம் குடையில் ஒரு ஓரமாக ஏடு கழன்று தொங்கியது. யேசுதாஸ் வந்து பார்த்துவிட்டு, "நான் சொன்னேன் இல்ல" என்று அண்ணன் முதுகில் தட்டிவிட்டுப் போனார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆனால் கழன்ற இடத்தில் விரல்கள் வரவில்லை. நாலு நாளில் குடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காம்பில் பழுப்பாகக் கொழகொழவென்று ஏதோ வழிந்தது. அதைச் சுற்றி இருந்த, பூப்போல விரியும் சின்னப் பவளங்களும் மூடிக்கொண்டன. கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் நத்தைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. சிவப்புக் கோடு போட்ட இறால் ஒன்று இருந்தது, அது மல்லாந்து கிடந்தது. மீன்கள் மட்டும் எதுவும் நடக்காத மாதிரி நீந்திக்கொண்டிருந்தன.

யேசுதாஸ் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். இந்த முறை சிரிக்கவில்லை. செத்த நத்தையை எடுத்துப் பார்த்தார், இறாலைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். நான் வாசற்படியில் குஞ்சம் கட்டிக்கொண்டே காதை அங்கே வைத்திருந்தேன்.

"மீன் நல்லா இருக்குது. பூச்சிங்க மட்டும் சாவுது" என்றார். "செம்பு உதயா. தண்ணியில செம்பு கலந்துக்கினு இருக்குது. மீனு கொஞ்சம் தாங்கும், இதுங்க தாங்காது."

அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "உனுக்கு எப்படித் தெரியும்?"

"எது?"

"பாத்த ஒடனே செம்புன்றியே. எப்படித் தெரியும்?"

யேசுதாஸுக்குக் கேள்வி புரிய நேரம் பிடித்தது. எனக்கு உடனே புரிந்தது. முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த நூல் என் கையிலேயே அறுந்தது.

சென்னையிலிருந்து கூரியரில் செம்பு பார்க்கும் மருந்து வந்தது. குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டதும் நிறம் மாறியது. யேசுதாஸ் சொன்னது சரிதான். நியாயமாக ஒருவர் சொன்னது சரியாக இருந்தால் அவர் மேல் நம்பிக்கை கூடும். அண்ணனுக்குச் சந்தேகம் கூடியது.

ஆனாலும் முதலில் தன் கையைத்தான் பார்த்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். நாளெல்லாம் சரிகையோடு புழங்குகிற கை. வெள்ளிச் சரிகை என்று சொல்லிச் செம்புச் சரிகையைத் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. வீட்டில் இருந்த சரிகைக் கட்டை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கல்லில் உரைத்தார். செம்பாக இருந்தால் சிவப்பாகத் தெரியும். எல்லாம் வெள்ளையாகவே தெரிந்தது. அந்த வழி அடைபட்டதும் அவர் மனம் போய் நின்ற இடம், அந்த வீட்டுக்குச் செம்புக் குழாயோடு வந்து போகிற ஒரே ஆள்.

ஞாயிற்றுக்கிழமை யேசுதாஸ் தண்ணீர்க் கேனோடு வந்தார். தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றினால் செம்பு குறையும் என்று அவர் நினைப்பு. அண்ணன் நடையிலேயே மறித்தார்.

"சில்லர்ல செம்புக் குழா வெச்சிருக்கே."

"இருக்குது. கேஸ் ஓடற பக்கம். தண்ணி படற எடத்துல டைட்டானியம். நீதான கூட வந்து வாங்கினே?"

"உள்ள இன்னா வெச்சேன்னு நான் பாத்தேனா?"

யேசுதாஸ் கேனைக் கீழே வைத்தார். பின்னறைக்குப் போய்ச் சில்லரைக் கழற்றிக்கொண்டு வந்து வாசல் முற்றத்தில் வைத்து, அத்தனை திருகாணியையும் பிரித்துப் போட்டார். தண்ணீர் ஓடுகிற சுருளைத் தூக்கிக் காட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது, செம்பின் சிவப்பு துளியும் இல்லை. எனக்குத் தெரிந்தது, சத்தம் கேட்டுத் தெருவில் வந்து நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

"சரி. அது இல்லன்னா வேற வழியில போட்டிருக்கே" என்றார் அண்ணன். "தண்ணி கொண்டாறது நீ. கைய வுடறது நீ. ஒரு துண்டு வெட்டிக்கினு போனதும் நீ. இங்க இருக்கிறது செத்துச்சின்னா உன்னாண்ட மட்டும்தான இருக்கும்?"

"உதயா."

"இனிமே உள்ள வராதே. கேனு எதுனா குடுக்கணும்னா வாசலோட நில்லு. உங்க ஆளுங்கள எங்க நிக்க வெக்கணுமோ அங்க நிக்க வெச்சிருக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டார். நான் என் காதால் கேட்டேன். யேசுதாஸ் பிரித்துப் போட்ட திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சில்லரைப் பழையபடி மூட்டி, சுவரோரமாக வைத்தார். கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். அண்ணி காபி டம்ளரோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் செத்துப் போயிருந்தது. அது நண்பரை அவமானப்படுத்தியதற்காக என்று நான் நினைத்தேன்.

அன்றிலிருந்து நான் அண்ணனோடு பேச்சை நிறுத்தினேன். அவர் சேலைக்குக் குஞ்சம் கட்டமாட்டேன் என்று அண்ணியிடம் சொல்லி அனுப்பினேன்.

தண்ணீரை மாற்றி மாற்றியும் செம்பு குறையவில்லை. வேறொரு ஆளை வைத்துக் கடல் தண்ணீர் வரவழைத்து மாற்றினார். மறுநாள் பார்த்தால் பழையபடியே நிறம் மாறியது. குடை கரைந்து, காம்பு மட்டும் கறுத்து நின்றது. அப்போதுதான் விஷம் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று அவருக்கு உறைத்தது. மீன்களைப் பிடித்து வாளியில் விட்டுவிட்டு, அடி மணலைக் கிண்ணத்தால் அள்ள ஆரம்பித்தார்.

"அய்யோ!" என்று ஒரு சத்தம். என் வீட்டுப் பாத்திரம் அதிர்ந்தது. பேச்சு நின்றதெல்லாம் மறந்து ஓடினேன்.

அண்ணன் ஒரு தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை அகலம். பச்சை பூத்திருந்தது. தேய்த்த இடத்தில் செம்பு தெரிந்தது. அதில் கட்டம் கட்டமாகக் கோடு, கட்டத்துக்குள் எழுத்து, கீழே ஆணியால் கீறியது போல: உதயகுமார், உத்திரட்டாதி.

நம் ஊரில் ஒருவர் பேரும் நட்சத்திரமும் எழுதிய தகடு அவருக்குத் தெரியாமல் அவர் வீட்டில் புதைந்து கிடந்தால் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அண்ணன் அதைத் துணியில் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

"சூனியம் வெச்சிட்டான்! என் பேரு, என் நச்சத்திரம்! தொட்டிய இல்ல, என்னையே சாவடிக்கப் பாத்திருக்கான்! தாஸுதான்! அவனத் தவுர யாரு கைய வுட்டான்?"

தெரு கூடிவிட்டது. தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. போலீசுக்குப் போ என்றது ஒரு குரல். ஏனாத்தூருக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போவோம் என்றது இன்னொரு குரல். அந்தக் குரல் எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன் செருப்பைத் தேடினார். அப்போது அண்ணி வெளியே வந்து அவர் எதிரில் நின்றார்.

"எங்கயும் போவாதீங்க. நான்தான் போட்டேன்."

யாருக்கும் விளங்கவில்லை. அண்ணி இன்னும் சத்தமாகச் சொன்னார். "அது சூனியம் இல்ல. காப்புத் தகடு. கண்ணு பட்டுட்டுது, கண்ணு பட்டுட்டுதுன்னு நீங்கதான சொன்னீங்க? கண்ணுக்கு இன்னா வெப்பாங்க? தகடுதான வெப்பாங்க? உங்கம்மா வாசப்படிக்குக் கீழ வெச்சது இன்னும் அங்கதான் இருக்குது. அன்னிக்குச் செவ்வாக்கிழமை தகடு எழுதறவராண்ட போயி உங்க பேருல எழுதி வாங்கிக்கினு வந்தேன். பொருளாண்டயே வெய்யி, யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னாரு. மீனுக்குத் தீனி போடச்சொல்ல மணலுக்குள்ள சொருவினேன்."

"ஏன் சொல்லல?" என்றார் அண்ணன். "செம்புன்னு தெரிஞ்ச அன்னிக்காவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அந்தச் செம்பு இந்தத் தகடுதான்னு எனக்கு இன்னாங்க தெரியும்? உங்கள காப்பாத்தறதுன்னு வெச்சேன், அதுவா கொல்லும்? தாஸண்ணனப் பேசினீங்களே, அன்னிக்குத்தான் எனக்குச் சுருக்குன்னுது. சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? தீனி போட வந்தா கைய மோந்து பாக்குற மனுசன் நீங்க. நானே விசம் வெச்சேன்னு சொல்லியிருப்பீங்க."

அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்தார். தகடு மடியில் கிடந்தது. அண்ணி செய்தது தப்புதான். யேசுதாஸ் அவமானப்பட்டபோது வாய் திறக்காதது அதைவிடப் பெரிய தப்பு. அதை அவரும் மறுக்கவில்லை, இன்றுவரை சொல்லி அழுகிறார். ஆனால் எனக்கு அன்று ஆத்திரம் அண்ணன் மேல்தான். குடை தோல் உரித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அவர் சும்மா இருந்திருந்தால் தகட்டுக்கு வேலையே இல்லை.

நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். "தோலு உரிக்குதுன்னான். செம்புன்னான். ரெண்டும் சரியாத்தான் சொன்னான்" என்றார் யாரையும் பார்க்காமல். "எல்லாம் என்னால வந்துது."

மறுநாள் காலை அண்ணனும் அண்ணியும் ஏனாத்தூர் போனார்கள். இத்தனை வருஷச் சிநேகிதன் வீடு எது என்று வழியில் மூன்று இடத்தில் கேட்க வேண்டியிருந்ததாம். அண்ணிதான் சொன்னார். யேசுதாஸ் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தார். அண்ணன் தண்ணீரைக் குடித்துவிட்டு அழுதார். மன்னிச்சிடு என்றார். கூடத்து மூலையில் சின்னத் தொட்டி ஒன்று இருந்தது. அதில் குடையின் துண்டு, உள்ளங்கை அளவுக்கு வளர்ந்து, நன்றாக விரிந்து நின்றது. அண்ணன் அதைப் பார்க்கவே கூசினாராம்.

யேசுதாஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நீ என் வூட்டுக்குள்ள வந்துட்டே உதயா, சந்தோசம். நான் உன் வூட்டுக்குள்ள வரமாட்டேன்."

அதோடு தொட்டியைக் கைவிட்டிருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டேன். யேசுதாஸ் கைவிடவில்லை. செம்பு ஊறிய கல்லும் மணலும் இனி ஆகாது, எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னார். போனில் சொன்னார். தண்ணீர் கொண்டுவந்தார். கேன்களை வாசலில் வரிசையாக வைத்துவிட்டுப் படிக்குக் கீழே நின்றார். அண்ணி காபி கொடுத்தால் நின்றபடியே குடித்தார். "உள்ள வா தாஸு" என்று அண்ணன் ஒவ்வொரு முறையும் கெஞ்சுவார். "பரவால்லப்பா" என்பார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. தண்ணீர் பதப்பட்ட பிறகு ஒருநாள், தன் வீட்டுக் குடையை வெட்டி, பாதியைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, அதையும் வாசலிலேயே நீட்டினார். அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஒட்ட வைத்த துண்டு சரியாகத்தான் இருந்தது. ஆனால் பின்னறையில் என்ன நடக்கிறது என்று வாசலிலிருந்து யேசுதாஸுக்குத் தெரியாது. அண்ணன் போனில் படம் பிடித்துக்கொண்டு ஓடி வந்து காட்டுவார். அவர் பார்த்துவிட்டு ஏதாவது சொல்வார். இப்படியே சில வாரங்கள் போயின.

தை பிறந்ததும் அண்ணன் ஆள் வைத்துத் தறியைப் பின்னறைக்கு மாற்றினார். தறியை நகர்த்துவது சின்ன வேலை இல்லை. இவருக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று தெரு பேசியது. காலியான முன்னறையில், வாசற்கதவை ஒட்டி, தெருவைப் பார்த்தபடி தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மூடவில்லை. கதவையும் சாத்தவில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், சாயப்பட்டறை ஆட்கள், நான், எல்லோரும் நின்று பார்த்தோம். அத்தனை கண்ணும் பட்டது. குடை விரிந்துதான் இருந்தது.

அவர் குணம் மாறிவிட்டதாக நான் சொல்லவில்லை. முந்தாநாள்கூடத் தக்காளிக் கடையில் தராசுத் தட்டின் அடியில் கை போனது. ஆனால் தொட்டியை மூடின வேட்டி இப்போது கண்ணாடி துடைக்கிறது. அவர் சேலைக்கு நான் மறுபடியும் குஞ்சம் கட்டுகிறேன்.

தொட்டி முன்னறைக்கு வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை யேசுதாஸ் கேனோடு வந்தார். படிக்குக் கீழே வழக்கமான இடத்தில் நின்றவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் எதிரிலேயே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் தொட்டி. அவர் கொடுத்த குடை அவர் பக்கமாகத் தலையை விரித்துக்கொண்டிருந்தது. கேனைக் கையில் வைத்தபடியே நின்றார். அண்ணன் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றார். கூப்பிடவில்லை.

"இங்க வெச்சா வெயில் படும்பா" என்றார் யேசுதாஸ் கடைசியில். "பாசி புடிக்கும்."

"புடிக்கட்டும்."

"சூடு எவ்ளோ காட்டுது?"

சூடு பார்க்கும் கருவி கண்ணாடியின் உள்பக்க ஓரத்தில் ஒட்டியிருந்தது. வாசலிலிருந்து தெரியாது. அண்ணன் எவ்வளவு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நீயே பாத்துக்கோ தாஸு. நான் சொன்னா தப்பா சொல்லுவேன்" என்றார்.

யேசுதாஸ் கேனைப் படியில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். நான் முடிச்சுப் போடாமல் நூலைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு காலைப் படி தாண்டி உள்ளே வைத்து, எட்டி, தலையை உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்குது" என்றார். அந்தக் கால் உள்ளே இருந்தது, மற்றது தெருவில் இருந்தது. இன்றுவரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவ்வளவுதான் வருகிறார்.